ஆர்மேனியக் கைவினையும் இன்றைய டிசைனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யெரெவானில் நான்கு வருடம் குடியிருந்துவிட்டுச் சென்னை திரும்பியதிலிருந்து, வீட்டுக்கு வருகிறவர்கள் கூடத்தில் இருக்கும் இரண்டு பொருள்களைப் பற்றிக் கேட்காமல் போவதில்லை. ஒன்று, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் உள்ளங்கை அகல ஊசி லேஸ். இன்னொன்று, கருஞ்சிவப்பில் ஒரு சின்னக் கம்பளம். நான் ஜவுளி டிசைன் படித்தவள் என்பதால் கல்லூரிப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியது போதும் என்று, கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஆர்மேனியா எங்கே இருக்கு? அந்த ஊர்க் கைவேலைன்னா என்னென்ன?

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவில், காகசஸ் மலைகளுக்குத் தெற்கே இருக்கும் சின்ன நாடு. ஜார்ஜியா, அஜர்பைஜான், ஈரான், துருக்கி நான்கும் சுற்றி இருக்கின்றன. கடல் கிடையாது. தலைநகர் யெரெவான்.

கல் செதுக்குவது, கம்பளம் முடிவது, ஊசி லேஸ், எம்பிராய்டரி, வெள்ளி வேலை, வண்ணம் தீட்டிய செராமிக், இரும்பு வேலை, அப்புறம் எழுத்துக் கலை. இவற்றில் கச்கார் என்ற சிலுவைக் கல் செதுக்கும் கலையை 2010-இலும், ஆர்மேனிய எழுத்துக் கலையை 2019-இலும், கியும்ரி நகரத்துக் கொல்லர் மரபை 2023-இலும் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், கீழே பல பதில்களுக்கு இது வேண்டும். மராஷ் தையல், ஐன்தாப் தையல், வான் வெள்ளி, கூத்தாஹ்யா செராமிக் என்று ஊர்ப் பெயரால் அழைக்கப்படும் வேலைகள் நிறைய. அந்த ஊர்கள் எதுவும் இன்றைய ஆர்மேனியாவில் இல்லை. எல்லாம் இன்றைய துருக்கியில் இருக்கின்றன.

'பாரம்பரியத்தில் வேரூன்றிய புது டிசைன்'னு சொல்றாங்களே, பழைய பூவை எடுத்துப் புதுப் பையில் போடுறதுதானே?

அப்படியும் நடக்கிறது. யெரெவான் கடைகளில் கச்கார் படம் அச்சடித்த பை, மாதுளம்பழம் அச்சடித்த குவளை எல்லாம் கிடைக்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஊருக்குப் போய் வந்த நினைவாக வாங்கலாம். ஆனால் அந்தப் பூவை எடுத்துவிட்டு வேறு பூவைப் போட்டால் அந்தப் பை எந்த ஊர்ப் பையாகவும் ஆகிவிடும்.

எனக்குப் பிடித்த வேலைகளில் உருவத்தை விடச் செய்முறைதான் பிடிவாதமாக நிற்கும். ஒரு வெள்ளிப் பட்டறையில் ஒரு காதணி பார்த்தேன். பூ இல்லை, பறவை இல்லை, சிலுவை இல்லை. பாட்டிமார்கள் பருத்தி நூலில் போடும் லேஸ் முடிச்சை மெல்லிய வெள்ளிக் கம்பியில் போட்டு, மூன்று வரிசை வளையமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். தூரத்தில் பார்த்தால் எந்த நகரத்திலும் கிடைக்கிற நவீன நகை. கையில் எடுத்தால் ஒவ்வொரு வளையத்தின் அடியிலும் அந்த முடிச்சு தெரிந்தது. உருவம் புதிது, கை பழையது. நான் இந்தப் பக்கத்தில் 'புது டிசைன்' என்று சொல்வது இந்த மாதிரி வேலையைத்தான்.

எதை எடுத்தாலும் மாதுளம்பழமா இருக்கே, ஏன்?

மாதுளை அங்கே செழிப்புக்கும் குழந்தைச் செல்வத்துக்கும் அடையாளம். கல்யாணத்தில் மணப்பெண் மாதுளம்பழத்தை வீசி உடைக்கும் வழக்கம் உண்டு, முத்துகள் சிதறினால் நல்லது. பழைய கல் செதுக்கு வேலையிலும் சுவடி ஓவியத்திலும் மாதுளை இருக்கிறது. இன்று இவ்வளவு மாதுளை தெரிவதற்குக் காரணம், வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டு வாங்குவதுதான்.

இதெல்லாம் வாழையடி வாழையா வந்ததுன்னா, ஏன் எல்லாரும் 'மீட்டெடுத்தோம்'னு சொல்றாங்க?

நடுவில் அறுந்து போனதால். 1915 தொடங்கி ஆட்டோமன் என்ற துருக்கியப் பேரரசின் ஆட்சியின் கீழ் லட்சக்கணக்கான ஆர்மேனியர்கள் கொல்லப்பட்டார்கள், மிஞ்சியவர்கள் ஊர்களிலிருந்து துரத்தப்பட்டார்கள். முதல் பதிலில் சொன்ன மராஷும் வானும் கூத்தாஹ்யாவும் ஆர்மேனியர் இல்லாத ஊர்களானது இப்படித்தான். தறியையும் சூளையையும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. விரலில் இருப்பதை மட்டும்தான் கொண்டுபோக முடியும். அலெப்போ, பெய்ரூட், ஜெருசலேம் என்று அகதிகள் சேர்ந்த இடங்களில் அந்த வேலை மறுபடி தொடங்கியது. இந்த முறை சீருக்காக இல்லை, வயிற்றுக்காக.

லெபனானில் கஸீர் என்ற ஊரில் ஓர் அனாதை இல்லம் இருந்தது. அங்கே ஆர்மேனியச் சிறுமிகள் பதினெட்டு மாதம் உட்கார்ந்து ஒரு கம்பளம் முடிந்தார்கள். 44,04,206 முடிச்சுகள். தங்களுக்கு உதவிய அமெரிக்க மக்களுக்கு நன்றியாக 1925-இல் அது அதிபர் கூலிட்ஜிடம் கொடுக்கப்பட்டது. அதன் படத்தை முதலில் பார்த்தபோது, தோட்டம் மாதிரி விலங்குகளும் மரங்களும் நிறைந்திருந்ததைப் பார்த்து வெகுநேரம் பேச்சு வரவில்லை. அந்தப் பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்தது என்ன, நெய்தது என்ன!

சோவியத் காலம் வேறு விதம். கம்பள நெசவு அரசுத் தொழிற்சாலைகளுக்குள் போனது, தலைவர்களின் முகம்கூட கம்பளத்தில் வந்தது. சிலுவைக் கல் செதுக்குவது ஏறக்குறைய நின்றே போய் 1960-களில்தான் மறுபடி உயிர் பெற்றது. 1991-இல் நாடு விடுதலை பெற்ற பிறகு வந்த டிசைனர்கள் இந்தத் துண்டுகளை எல்லாம் ஒன்று சேர்க்கிறார்கள். அதனால்தான் அந்த வார்த்தை.

மராஷ் எம்பிராய்டரி பார்த்தேன், இது நம்ம பிளவுஸ்ல போடுற கட்ச் ஒர்க்தானே?

ஆமாம், தையல் அதுவேதான். எனக்கும் முதல் நாள் அதிர்ச்சியாக இருந்தது. யெரெவானில் ஒரு வயதான அம்மா மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "இது எங்கள் ஊரிலும் இருக்கிறதே" என்று சொன்னேன். அவர் ஊசியை என் கையில் கொடுத்து, "போட்டுக் காட்டு" என்றார்.

கட்ச் ஒர்க் போடத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். முதலில் துணியில் புள்ளி வைத்து, குறுக்கும் நெடுக்குமாக அடித்தையல் போடுவோம். இது எலும்புக்கூடு. அப்புறம் இரண்டாவது நூல், துணிக்குள் இறங்காமல், அந்த எலும்புக்கூட்டின் மேலும் கீழுமாகவே கோர்த்துக்கொண்டு போகும். துணியைத் திருப்பினால் சின்னச் சின்னக் கோடுகள் மட்டும் தெரியும், அலங்காரம் முழுக்க மேல்பக்கத்தில் மிதந்துகொண்டிருக்கும். அடித்தையலில் ஒரு இடத்தில் மேலே போக வேண்டிய நூல் கீழே போயிருந்தால் கோர்க்கும்போது அங்கே மாட்டிக்கொள்ளும், பிரித்துத்தான் ஆக வேண்டும். நான் அன்றைக்கு மூன்று முறை பிரித்தேன்.

வித்தியாசம் எங்கே என்றால், நம் பக்கம் பல நிறம், நடுவில் கண்ணாடி. மராஷ் வேலையில் பெரும்பாலும் அடர்ந்த நிறத் துணியில் ஒரே நூல், சிலுவை வடிவக் கட்டங்களாகப் போட்டு ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டே போவார்கள். இன்றைய டிசைனர்கள் இந்தக் கட்டத்தை அளவு பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். மேலங்கியின் முதுகில் ஒரே ஒரு கட்டம், அரையடி அகலத்தில், கயிறு மாதிரித் தடித்த நூலில். கட்டம் பெரிதாகும்போது கோர்ப்பின் கணக்கு வெளியே தெரிகிறது, அதுவே அழகாகிவிடுகிறது.

ஊசி லேஸ்னா க்ரோஷே மாதிரியா?

இல்லை. க்ரோஷேவுக்குக் கொக்கி வேண்டும். இதற்குச் சாதாரணத் தையல் ஊசியும் நூலும் போதும், அடியில் துணிகூடத் தேவையில்லை. நடுவிலிருந்து தொடங்கி வட்டம் வட்டமாக வெளியே வளரும். ஒவ்வொரு வளையமும் ஒரு முடிச்சில் முடியும், மீன்வலை முடிகிற மாதிரி. க்ரோஷேயில் ஓர் இழை அறுந்தால் உருவிக்கொண்டே வரும். இதில் ஒரு வளையம் அறுந்தாலும் பக்கத்து முடிச்சு விடாது. என் சுவரில் இருப்பதில் ஓர் இடத்தில் வளையம் அறுந்திருக்கிறது, பல வருடமாக அந்த ஓட்டை அதே அளவில்தான் இருக்கிறது.

கச்கார்னா என்ன? அதை டி-ஷர்ட்டில் போடலாமா?

ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவோ கூடவோ நிற்கும் கல் பலகை. நடுவில் சிலுவை, அதன் கீழே பெரும்பாலும் சூரியச் சக்கரம் மாதிரி ஒரு வட்டம், சுற்றிலும் கொடியும் முடிவில்லாத பின்னலும். சிலுவையில் பொதுவாக இயேசுவின் உருவம் இருக்காது, இலைகள் துளிர்க்கிற மரம் மாதிரிச் செதுக்கியிருப்பார்கள். கிடைத்தவற்றில் ஆண்டு பொறித்த மிகப் பழையது கார்னியில் 879-இல் கத்ரானிதே அரசி வைத்தது. செவான் ஏரிக்கரையில் நொராதுஸ் இடுகாட்டில் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. கோஷவாங்க் மடத்தில் 1291-இல் போகோஸ் என்பவர் செதுக்கிய கல்லை 'ஊசியால் செதுக்கியது' என்றே அழைக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு பின்னலுக்கு அடியில் இன்னொரு பின்னல், அதற்கும் அடியில் நிழல். கல்லில் லேஸ் போட்டிருக்கிறார்.

டி-ஷர்ட் விஷயத்துக்கு வருவோம். கச்கார் ஒரு வேண்டுதல். ஓர் ஆத்மாவுக்காக, ஒரு வெற்றிக்காக, கட்டி முடித்த பாலத்துக்காக வைப்பது. நட்ட பிறகு பாதிரியார் வந்து எண்ணெய் பூசி மந்திரிப்பார். ஆர்மேனியர்களே அதன் பின்னலை நகையிலும் துணியிலும் தாராளமாகப் போடுகிறார்கள், அந்த வட்டச் சக்கரம் நாடு முழுக்கத் தெரியும். ஆனால் பெயரும் வேண்டுதலும் பொறித்த ஒரு குறிப்பிட்ட கல்லை அப்படியே படமாக எடுத்துச் சட்டையில் போடுவது எனக்கு ஒப்பவில்லை. யாரோ ஒருவருடைய நடுகல்லைச் சட்டையில் போடுகிற மாதிரி அது.

கட்டடங்களில் இந்த மரபு ஏதாவது தெரியுதா, இல்லை எல்லாம் சோவியத் பெட்டிதானா?

பெட்டிகளும் நிறைய உண்டு. ஆனால் யெரெவானின் நடுப்பகுதியை 1924 திட்டத்தில் வரைந்த அலெக்சாந்தர் தமான்யான், இளஞ்சிவப்பு எரிமலைக் கல்லில் அரசுக் கட்டடங்களைக் கட்டி, பழைய தேவாலயங்களின் செதுக்கு வேலையைத் தூண் தலைப்பிலும் வளைவிலும் கொண்டுவந்தார்.

எனக்கு அவரைவிட ரஃபாயேல் இஸ்ராயேல்யான் பெரியவர். 1918 சர்தாராபாத் போர் நினைவிடத்தை அவர் 1968-இல் முடித்தார். செங்கல் நிறக் கல்லில் இறக்கை வைத்த இரண்டு பிரம்மாண்டமான காளைகள் எதிரெதிரே நிற்கும். பக்கத்தில் 1978-இல் திறந்த இனவரைவியல் அருங்காட்சியகமும் அவர் வரைந்ததே. வெளியிலிருந்து பார்த்தால் கோட்டை மாதிரி மூடியிருக்கும். ஜன்னல் என்று இருப்பது இரண்டு, ஒன்று அராரத் மலையைப் பார்க்கும், மற்றொன்று அராகத்ஸ் மலையைப் பார்க்கும். உள்ளே கம்பளமும் லேஸும் பார்த்து முடித்த கண் நேரே மலையில் போய் விழும். பழைய அலங்காரம் ஒன்றையும் நகல் எடுக்காமல் பழைய மடத்துக்குள் நிற்கிற உணர்வைக் கொடுத்திருக்கிறார்.

அந்தச் சிவப்பு பூச்சியிலிருந்து எடுக்கிறதாமே? உங்க வீட்டுக் கம்பளமும் அதுவா?

பூச்சிதான். 'வோர்தான் கர்மிர்', புழுவின் சிவப்பு என்று பொருள். அராரத் சமவெளியின் உப்புச் சதுப்பு நிலத்தில் ஒருவகைப் புல்லின் வேரில் வாழும் பூச்சி அது. இலையுதிர் காலம் தொடங்கும்போது சில வாரங்கள் மட்டும், அதுவும் விடியற்காலையில், பெண் பூச்சிகள் மண்ணுக்கு மேலே வரும். அப்போது பொறுக்கினால் உண்டு. உடம்பில் கொழுப்பு அதிகம், அதை நீக்கித்தான் சாயம் எடுக்க முடியும். யெரெவானில் மதெனதரான் என்ற சுவடிக் காப்பகத்தில் இடைக்காலப் புத்தகங்களின் சிவப்பைப் பாருங்கள், பல நூற்றாண்டு கழித்தும் ஈரமாக இருக்கிற மாதிரித் தோன்றும்.

என் வீட்டுக் கம்பளம் அது இல்லை. சதுப்பு நிலம் பெருமளவு விவசாயத்துக்குப் போய்விட்டதால் பூச்சியைக் காப்பாற்ற 1987-இல் அர்மாவிர் பகுதியில் சரணாலயம் அமைத்தார்கள். இன்றைய கம்பளங்களில் சிவப்பு பெரும்பாலும் மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து வருகிறது. நம் சோழமண்டலக் கரையில் சாயவேரில் சிவப்பு எடுத்த துணியை வாங்கி விற்றவர்களில் ஆர்மேனிய வணிகர்களும் உண்டு என்று நினைக்கும்போது, என் சின்னக் கம்பளம் சென்னையில் இருப்பது சரியான இடம்தான் என்று தோன்றும். யாராவது 'அசல் வோர்தான் கர்மிர்' என்று சொல்லிப் புதுக் கம்பளம் விற்றால் யோசித்து வாங்குங்கள்.

ஜெருசலேம்ல நீலப் பூப்போட்ட டைல்ஸ் வாங்கினேன், 'ஆர்மேனியன்'னு சொன்னாங்க. எப்படி?

கூத்தாஹ்யாவிலிருந்து வந்த கை. தாவித் ஒஹானெசியான் என்ற செராமிக் கலைஞர் அகதியாகி, 1919-இல் பாறைக் குவிமாடம் என்ற இஸ்லாமியப் புனிதத் தலத்தின் ஓடுகளைப் புதுப்பிப்பதற்காக ஜெருசலேமுக்கு அழைத்து வரப்பட்டார். அந்தத் திட்டம் நடக்கவில்லை, பட்டறை நிலைத்தது. அவரோடு வந்த பாலியான், கராகாஷியான் குடும்பங்கள் 1922-இல் தனியாகத் தொடங்கின. இரண்டு குடும்பத்தின் வேலையும் இன்றும் நடக்கிறது. பழைய நகரத்தின் தெருப் பெயர்ப் பலகைகளில் பல ஆர்மேனியர் செய்த ஓடுகள்.

புது ஊருக்கு வந்ததும் டிசைன் மாறியது. கூத்தாஹ்யாப் பூக்களோடு உள்ளூர்ப் பழைய மொசைக்குகளில் இருந்த மான்களும் பறவைகளும் சேர்ந்தன. மாரி பாலியான் என்ற ஓவியர் சின்ன ஓடுகளைச் சேர்த்துச் சுவரளவு தோட்டங்கள் வரைந்தார், 1992-இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன.

எழுத்தில் என்ன டிசைன் இருக்கு? நமக்கு அதில் சம்பந்தம் உண்டா?

இரண்டுக்கும் ஆம். மெஸ்ரோப் மஷ்டோத்ஸ் 405-இல் 36 எழுத்துகளை உருவாக்கினார், இன்று 39. சுவடி எழுதியவர்கள் அத்தியாயத்தின் முதல் எழுத்தைப் பறவைகளால் வளைத்து வரைந்தார்கள், அதற்குப் 'பறவை எழுத்து' என்றே பெயர். இன்று குழந்தையின் பெயரின் முதல் எழுத்தைப் பறவை எழுத்தில் செய்து பதக்கமாகப் போடுவது சாதாரணம். 2005-இல், எழுத்து பிறந்த 1600-ஆம் ஆண்டுக்கு, அர்தஷவான் அருகே 39 எழுத்துகளையும் தனித்தனிக் கல் சிற்பமாக மலையடிவாரத்தில் நிறுத்தினார்கள். அங்கே போகிறவர்கள் தங்கள் பெயரின் எழுத்தைத் தேடிப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கணினி எழுத்துரு உலகில், எதிக் கபுஸ்யான் முன்னின்று 2008-இல் தொடங்கிய கிரான்ஷான் போட்டி, ஆர்மேனியத்தில் ஆரம்பித்து லத்தீன் அல்லாத பல எழுத்துகளுக்கு விரிந்திருக்கிறது.

நம் சம்பந்தம், பாரிமுனையில் அரண்மனைக்காரத் தெரு. 'ஆர்மேனியர்' நம் வாயில் 'அரண்மனைக்காரர்' ஆனார்கள். அந்தத் தெருவில் ஆர்மேனியத் தேவாலயம் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794-இல் அச்சானது மதராசில். அதை நடத்திய பாதிரியார் ஹருத்யூன் ஷ்மவோன்யானின் கல்லறை அந்தத் தேவாலய வளாகத்தில் உள்ளது. அங்கே தரையில் பதித்த கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டியிருக்கும் அழகைக் குனிந்து பாருங்கள்.

எல்லாம் சரி, இது துருக்கி டிசைன், பாரசீக டிசைன் இல்லையா?

நூற்றாண்டுகளாக ஒரே சந்தையில் விற்று, ஒரே தெருவில் வாழ்ந்தவர்களின் வேலை ஒன்றையொன்று பார்க்கத்தான் செய்யும். ஆர்மேனியர் கம்பளத்தில் போடும் இரட்டை முடிச்சைத் துருக்கியரும் குர்துகளும் போடுகிறார்கள். எனவே 'இந்த முடிச்சு ஆர்மேனியருடையது மட்டும்' என்று நான் சொல்ல மாட்டேன். ஆர்மேனிய எழுத்தில் பெயரும் ஆண்டும் நெய்த பழைய கம்பளங்கள் இருக்கின்றன, அவற்றில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆனால் இந்தக் கேள்வியை ஓர் ஆர்மேனியரிடம் கேட்கும் முன் நான்காவது பதிலை நினைத்துக்கொள்ளுங்கள். அஜர்பைஜானோடு நடந்த 2020 போரில், நகோர்னோ-கராபாக் மலைப்பகுதியில் இருக்கும் ஷூஷி நகரம் கைமாறும் முன் அங்கிருந்த கம்பள அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியை அவசரமாக யெரெவானுக்கு ஏற்றி வந்தார்கள். 2023 செப்டம்பரில் அந்த மலைப்பகுதியிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர்கள் வெளியேறினார்கள். ஒரு கம்பளம் யாருடையது என்பது அவர்களுக்கு இன்றைய பிரச்சினை.

கையால் செஞ்சதான்னு கடையில் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நான் ஏமாந்த கதையிலிருந்து சொல்கிறேன். வந்த புதிதில் ஒரு கடையில் 'கை லேஸ்' என்று மேசை விரிப்பு வாங்கினேன். வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்தால் எல்லா வளையமும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு, முடிச்சு என்பதே இல்லை. அதிலிருந்து, லேஸ் என்றால் கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கி முடிச்சைத் தேடுவேன். கம்பளம் என்றால் திருப்பிப் பார்ப்பேன். பின்பக்கமும் அதே படம் தெளிவாகத் தெரிய வேண்டும், ஓரத்துக் குஞ்சம் கம்பளத்தின் சொந்தப் பாவு நூலாக இருக்க வேண்டும், பிறகு தைத்ததாக இருக்கக் கூடாது. செராமிக்கில் தூரிகைக் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். கல்லில் குழிகளின் உள்மூலை கூர்மையாக இருந்தால் உளி, எல்லா மூலையும் ஒரே மாதிரி உருண்டிருந்தால் எந்திரம்.

பழங்காலப் பொருள் என்றால் நாட்டுக்கு வெளியே கொண்டுவர அரசு அனுமதிச் சீட்டு வேண்டும். கடைக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள்.

நான் டிசைன் படிக்கிறேன் அக்கா, என் புராஜெக்டில் இதை எடுத்துக்கலாமா? திருட்டு ஆகாதா?

இணையத்தில் கிடைத்த கச்கார் படத்தைக் கோடு இழுத்து, 'ஆர்மேனியத் தாக்கம்' என்று எழுதிச் சமர்ப்பிக்காதே. டி-ஷர்ட் கேள்விக்குச் சொன்ன பதில் உனக்கும் பொருந்தும். எந்த ஊர் வேலை, யார் கை வழியாக வந்தது என்று உன் அறிக்கையில் ஊர்ப் பெயரோடு எழுது. மராஷ் என்றால் மராஷ் என்று.

அதற்கு முன் ஒரு வேலை செய். உனக்குக் கட்ச் ஒர்க் தெரியும் என்றால் பாதி தூரம் வந்துவிட்டாய், அதே அடித்தையலில் சிலுவைக் கட்டம் போட்டுப் பழகு. லேஸ் வேண்டுமென்றால் தடித்த பருத்தி நூலும் மழுங்கின ஊசியும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. முதல் வளையத்தை இழுத்து முடிச்சுப் போட எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. இரண்டாவது வளையம் பத்து நிமிடத்தில் வந்துவிடும்.